பெயர்ப்பலகை மாறாமலே கைமாறுவது

எல்.ஐ.சி.யில் ஒன்றிய அரசின் பங்கு இன்றும் 95 விழுக்காட்டுக்கு மேல்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்தை யாருக்கும் கிரயம் எழுதிக் கொடுக்கவில்லை. 50 ஆண்டுக் குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறார்கள். இருந்தும் குமரி மாவட்டத்தில் இரண்டையும் பற்றி "வித்தாச்சு" என்றே பேச்சு. இந்தப் பேச்சு சட்டப்படி தவறு. ஆனால் பேசுகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. உரிமை அரசின் பெயரில் இருக்கும்போதே, அதிலிருந்து வரும் பணத்தின் போக்கு மாறியிருக்கிறது. அந்த மாற்றம் நடந்த இடம் எது என்று தேடினால், பங்கு விழுக்காட்டில் அதிகம் கிடைக்காது. ஒப்பந்தத்திலும் சட்டத் திருத்தத்திலும் உள்ள ஒன்றிரண்டு வரிகளில்தான் அது கிடக்கும்.

நிலம் வைத்திருக்கும் குமரிக் குடும்பங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. தோப்பைக் கிரயம் செய்வது ஒன்று, ஒற்றிக்கு விடுவது வேறு, பாட்டத்துக்கு விடுவது இன்னொன்று. பாட்டத்துக்கு விட்ட தோப்பின் பத்திரம் நம் பெட்டியில்தான் இருக்கும். தேங்காய் யாருக்கு, உரம் போடுவது யார், காற்றில் தென்னை முறிந்தால் நட்டம் யாருக்கு என்பதையெல்லாம் பாட்டச் சீட்டு சொல்லும். அரசு செய்வதும் இவைதான். பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தையில் விற்பதைப் பங்கு விலக்கல் என்கிறார்கள். நிர்வாகத்தையும் சேர்த்து ஒரே கையில் ஒப்படைத்தால் அது கேந்திர விற்பனை. சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு கட்டும் வேலையையும் வசூலிக்கும் உரிமையையும் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்தால் அது அரசு–தனியார் கூட்டு. மூன்றையும் ஒரே சொல்லால் திட்டினாலும், ஒரே சொல்லால் "சீர்திருத்தம்" என்று புகழ்ந்தாலும், கணக்கு கண்ணில் படாமல் போய்விடும்.

வங்கியிலிருந்து தொடங்கலாம். தனியார் வங்கி, அரசு வங்கி இரண்டின் நல்லது கெட்டதையும் மற்றவர்களுக்கு முன்பே பார்த்த மண், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த இந்தக் குமரி. திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி 1938-ல் கதவடைத்தது. இரண்டு தனியார் வங்கிகள் முந்தைய ஆண்டுதான் ஒன்றாகி, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாக நின்றிருந்தன. திவான் சி.பி. ராமசாமி அய்யருக்கும் வங்கியை நடத்தியவர்களுக்கும் இருந்த அரசியல் பகைதான் காரணம் என்று ஒரு தரப்பு சொல்லும். வங்கியின் கணக்கே சரியில்லை என்று மறுதரப்பு சொல்லும். எது எப்படியானாலும், பணம் போட்டவன் தெருவில் நின்றான். அதே 1938-ல்தான் திருவிதாங்கூர் அரசு சொந்தமாகப் பேருந்து ஓட்டவும் ஆரம்பித்தது. நாகர்கோவில்காரர்கள் அரசு பஸ்ஸில் ஏறுவது சுதந்திர இந்தியாவின் சோஷலிசம் கொண்டுவந்த பழக்கம் அல்ல, ராஜா காலத்துப் பழக்கம்.

சமஸ்தானத்தின் ஆதரவோடு 1945-ல் திருவிதாங்கூர் வங்கி தோன்றியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மாநிலம் மாறியது, வங்கி மாறவில்லை. 1960-ல் அது ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் என்ற பெயரோடு மாவட்டத்தில் தொடர்ந்தது. அதே 1960-ல் பாலா சென்ட்ரல் வங்கி கேரளத்தில் மூழ்கியது. டெப்பாசிட்டுக்கு இன்று இருக்கும் காப்பீடு 1962-ல் வந்ததற்கு அந்த மூழ்கலும் ஒரு காரணம். தொடக்கத்தில் 1,500 ரூபாய் வரைதான் பாதுகாப்பு. 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம். அரசு வங்கி, தனியார் வங்கி, கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் இந்த வரம்பு ஒன்றுதான். "அரசு வங்கியில் போட்டால் முழுப் பணத்துக்கும் அரசு பொறுப்பு" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம்பிக்கை சொல்கிறது, அவ்வளவுதான். அந்த நம்பிக்கை இதுவரை பொய்க்கவில்லை என்பதும் உண்மை. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் விழுந்தபோது டெப்பாசிட் போட்டவர்கள் தப்பினார்கள். பங்கு வாங்கியவர்களின் பணம் சுத்தமாகப் போயிற்று. வங்கி சிங்கப்பூரின் டி.பி.எஸ். கைக்குப் போனது.

ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1-ம் தேதி எஸ்.பி.ஐ.யோடு இணைந்தது. அதைத் தனியார்மயம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அரசு வங்கி இன்னொரு அரசு வங்கிக்குள் போனது. ஆனால் அதற்கு முன்பே ஒரு வேலை நடந்திருந்தது. அதைத்தான் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

குமரி படிப்பு மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். நர்சிங், இன்ஜினியரிங் என்று பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கல்விக் கடன் வாங்காத தெரு குறைவு. 4 லட்சம் வரை ஈடும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம் என்ற விதியை நம்பி வாங்கிய கடன்கள் இவை. வேலைச் சந்தை சரிந்தபோது தவணை நின்றது, கணக்கு வாராக்கடன் ஆனது. அப்போது வங்கிகளின் முன்னால் 2002-ம் ஆண்டுச் சட்டம் திறந்துவைத்த வழி ஒன்று இருந்தது: வாராக்கடனை, அதை வாங்கி வசூலிப்பதையே தொழிலாகக் கொண்ட சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிடுவது. 2015-ஐ ஒட்டிய காலத்தில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரும் எஸ்.பி.ஐ.யும் கல்விக் கடன்களை மூட்டையாகக் கட்டித் தனியார் நிறுவனத்துக்கு விற்றன. வரவேண்டிய தொகையில் ஏறத்தாழப் பாதி விலைக்கு.

இதன் பொருள் என்ன? கடன் கொடுத்தது அரசு வங்கி, கடன் வாங்க ஊக்கப்படுத்தியது அரசுத் திட்டம். வசூலிக்க வந்ததோ தனியார் ஏஜென்ட். பாதி விலைக்கு வாங்கியவர் முழுத் தொகையையும் கேட்கலாம். மீதிப் பாதியை வங்கி நட்டமாக எழுதிக்கொள்கிறது, அந்த நட்டத்தை ஈடுகட்ட அரசு வரிப்பணத்திலிருந்து முதலீடு போடுகிறது. அந்தப் பாதியைக் கடன் வாங்கிய பிள்ளைக்கே தள்ளுபடி செய்து, மீதியைக் கட்டு என்று வங்கி சொல்லியிருக்கலாமே என்று அன்றே பலர் கேட்டார்கள். ஒருமுறை தீர்வு என்ற பெயரில் வங்கிகள் அப்படிச் செய்வதும் உண்டு. எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. வங்கியின் பங்கில் ஒன்றுகூட வெளியே போகாமல், கடன் மட்டும் தனியாரிடம் போன கதை இது.

இதையே மறுபக்கமிருந்தும் பார்க்கலாம். விவசாயம், சிறுதொழில், கல்வி போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குத் தன் கடனில் 40 விழுக்காடு கொடுத்தாக வேண்டும் என்ற விதி தனியார் வங்கிக்கும் உண்டு. அப்படியானால் யார் கையில் வங்கி இருந்தால் என்ன என்று கேட்கலாம். விதிக்கு ஒரு கதவும் இருக்கிறது. 2016 முதல் முன்னுரிமைக் கடன் சான்றிதழ் என்று ஒன்று சந்தையில் விற்கிறது. தன் இலக்கைத் தாண்டிக் கடன் கொடுத்த வங்கி அந்த மிச்சத்தை விற்கும். இலக்கை எட்டாத வங்கி வாங்கிக் கணக்கை நேராக்கிக்கொள்ளும். விவசாயியைச் சந்திக்காமலே விவசாயக் கடன் இலக்கை முடித்துவிடலாம். ஜன்தன் கணக்குகளில் ஏறக்குறைய பத்தில் எட்டு பொதுத்துறை வங்கிகளில்தான் இருக்கின்றன. தனியார் வங்கிகள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை. லாபமில்லாத வேலையைச் சட்டம் பெயரளவில் எல்லோர் தலையிலும் வைத்திருக்கிறது. சுமப்பது ஒருவர்.

அதற்காகப் பொதுத்துறை வங்கிகளின் பழைய கணக்கை மறைக்கவும் வேண்டாம். 2018 மார்ச்சில் அவற்றின் மொத்த வாராக்கடன் 14.58 விழுக்காடு. அதில் பெரும்பகுதி கல்விக் கடனோ பயிர்க் கடனோ அல்ல, பெருநிறுவனங்களுக்கும் சாலை, மின்சாரத் திட்டங்களுக்கும் கொடுத்தது. 2016-17 முதல் 2020-21 வரை ஒன்றிய அரசு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மூலதனம் ஏற்றித்தான் அவற்றை நிமிர்த்தியது. 2025 மார்ச்சில் வாராக்கடன் 2.58 விழுக்காட்டுக்கு இறங்கியது. நோயில் படுத்தபோது மக்கள் பணத்தில் வைத்தியம் பார்த்துத் தேற்றிவிட்டு, தேறியபின் விற்பது சரியா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. விற்பவர்கள் தரப்பில், தேறினால்தானே விலை வரும் என்பது பதில். இரண்டும் நேர்மையான வாதங்கள்தான்.

எல்.ஐ.சி. கதையில் எல்லோரும் பார்த்தது பங்கு விலையை. 2022 மே மாதம் 3.5 விழுக்காடு பங்கு வெளியே வந்தது. 949 ரூபாய்க்கு விற்றது. பாலிசிதாரர்களுக்கு 60 ரூபாய் தள்ளுபடி. பங்குச் சந்தையில் முதல் நாளே விலை அதற்குக் கீழே போனது. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு முதல்முறையாக டீமேட் கணக்கு தொடங்கிய பலருக்கு அது கசப்பான அறிமுகம்.

ஆனால் பங்கே வாங்காத பாலிசிதாரரைத் தொடும் மாற்றம் அதற்கு முந்தைய ஆண்டே நடந்துவிட்டது. போனஸ் தரும் பாலிசிகளில் கிடைக்கும் உபரியில் 95 விழுக்காடு பாலிசிதாரர்களுக்கு, 5 விழுக்காடு அரசுக்கு என்பதுதான் நெடுங்கால ஏற்பாடு. 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். போனஸ் உள்ள பாலிசிகளுக்கும் போனஸ் இல்லாத பாலிசிகளுக்கும் நிதியைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். போனஸ் உள்ளவற்றின் உபரியில் பங்குதாரர் பங்கு முதலில் 7.5 விழுக்காடு, 2024-25 முதல் 10. போனஸ் இல்லாதவற்றின் உபரி முழுவதும் பங்குதாரருக்கு. பங்குதாரர் என்றால் பெரும்பாலும் அரசுதானே என்று சமாதானம் சொல்லலாம். சரிதான். ஆனால் பாலிசிதாரர்களின் பங்கு பங்குதாரர்களுக்கு நகர்ந்தது என்பது நகர்ந்ததுதான். தக்கலையில் மாதாமாதம் பிரீமியம் கட்டும் ஆசிரியைக்கு 3.5 விழுக்காட்டு விற்பனையைவிட இந்தப் பத்து விழுக்காடு பெரிய செய்தி. பாலிசித் தொகைக்கு அரசு உத்தரவாதம் தரும், எல்.ஐ.சி. சட்டத்தின் 37-வது பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. எல்.ஐ.சி. பற்றி இனி வரும் எந்தத் திருத்தத்திலும் முதலில் தேட வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.

நிதித்துறையில் அரசு–தனியார் கூட்டுக்கு நம் வயலிலேயே உதாரணம் உண்டு. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முதல் போகமான கன்னிப்பூ நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கு 1.5, வாழைக்கு 5. உண்மையான பிரீமியம் இதைவிட அதிகம். மிச்சத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. 2020-க்குப் பிறகு ஒன்றிய அரசு தன் பங்குக்கு உச்சவரம்பு வைத்துக்கொண்டதால் கூடுதல் பாரம் மாநிலத்தின் மேல் சாய்ந்தது. ஏலம் எடுத்து வரும் காப்பீட்டு நிறுவனம் தனியாராகவும் இருக்கலாம், பொதுத்துறையாகவும் இருக்கலாம். இழப்பீடு கணக்கிடும் முறை ஒன்றுதான்: பெரும்பாலும் தனி வயலை அல்ல, அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலைப் பார்க்கும். சுற்று வயல்கள் தப்பித்தால் விளைச்சல் பொய்த்த வயல்காரருக்கு ஒன்றும் வராமல் போவதற்கு நிறுவனம் தனியார் என்பது காரணம் அல்ல.

துறைமுகத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். 2016 ஜூலையில் குளச்சல் அருகே இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்று முனையத்துக்கு ஒன்றிய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 27,570 கோடி ரூபாய். தமிழ்நாட்டின் மூன்று பெருந்துறைமுகங்களின் பணத்தில் ஒரு சிறப்பு நிறுவனம். கடலை ஆழப்படுத்துவது, அலைத்தடுப்புச் சுவர், சாலை, ரயில் இணைப்பு அதன் பொறுப்பு. வருமானம் தராத, ஆனால் செலவு அதிகமான வேலைகள் எல்லாம் பொதுப்பணத்தில். மீனவர் எதிர்ப்பில் திட்டம் இதே மாவட்டத்துக் கோவளம்–மணக்குடிப் பக்கம் நகர்ந்து, அங்கும் எதிர்ப்பைச் சந்தித்து, எழும்பாமலே போனது. எதிர்ப்பு கடலையும் வாழ்விடத்தையும் பற்றியது. பணப் பங்கீட்டைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசவில்லை.

பக்கத்தில், கேரளத்தின் விழிஞ்ஞத்தில் அப்படியொரு துறைமுகம் எழும்பியது. கேரள அரசும் அதானி குழுமமும் 2015 ஆகஸ்டில் கையெழுத்திட்டன. ஒப்பந்தக் கால மதிப்பீடு 7,525 கோடி. இதில் அதானியின் பங்கு 2,454 கோடி. லாபம் போதாது என்பதை ஈடுகட்ட அரசு தரும் மானியம் 1,635 கோடி. இது வயபிலிட்டி கேப் நிதி எனப்படுவது. ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து திட்டச் செலவில் 40 விழுக்காடு வரை தரலாம். மீதி 3,436 கோடி கேரள அரசுடையது: நிலம், அலைத்தடுப்புச் சுவர் போன்றவை. கூட்டிப் பாருங்கள். தனியார் போடுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நடத்தும் உரிமை 40 ஆண்டு; வழக்கமான 30-ஐவிடப் பத்து கூடுதல். அந்தப் பத்து ஆண்டில் மட்டும் நிறுவனத்துக்கு 29,217 கோடி கூடுதல் வருவாய் போகும் என்று 2017-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொன்னது. கேரளத்துக்கு வருவாய்ப் பங்கு 2034-ல்தான் தொடங்கும். ஒன்றிய அரசு தன் பங்கான 817.80 கோடியை மானியமாகத் தரவில்லை. பின்னாளில் வருவாயிலிருந்து திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கேரளம் நெடுநாள் முரண்டு பிடித்து 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது.

இவ்வளவையும் வைத்து விழிஞ்ஞம் மோசடி என்று நான் எழுதவில்லை. 2024 டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியபின் பெரிய கப்பல்கள் வருகின்றன. யாரும் முன்வராமல் ஏலம் மீண்டும் மீண்டும் தோற்ற துறைமுகம் அது. ஏலத்தில் ஒரே ஆள் நிற்கும்போது அரசின் பேரம் பேசும் வலு எவ்வளவு குறைந்துபோகிறது என்பதற்கு அது சாட்சி. குமரிக்கு அதில் வேறொரு கணக்கும் உண்டு. அலைத்தடுப்புக்குப் பாறை இந்த மாவட்டத்து குவாரிகளிலிருந்தும் போனது. களியக்காவிளை வழியே ஓடிய டாரஸ் லாரிகள் உடைத்த ரோட்டுக்கும் நடந்த விபத்துகளுக்கும் மேற்சொன்ன எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி இல்லை. இரு மாநிலக் கணக்கில் மூன்றாவது ஆளாகக் குமரி.

விமான நிலையம் இதைவிட நேரடி. வளைகுடாவுக்குப் போகும் குமரிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் வாசல். 2019 பிப்ரவரி ஏலத்தில் ஒரு பயணிக்கு 168 ரூபாய் தருவதாக அதானி கேட்டது. கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் கேட்டது 135. 2021 அக்டோபரில் நிர்வாகம் கைமாறியது. அந்த 168 நிறுவனம் விமான நிலைய ஆணையத்துக்குத் தருவது. பயணி தரும் பயனாளர் கட்டணம் வேறு, அதை ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 2024 ஜூலையில் வெளிநாடு புறப்படும் பயணிக்கு அது 1,540 ரூபாய் ஆனது. இறங்கி வருபவருக்கும் 660. முதலீடும் செலவும் ஒரு நியாயமான லாபமும் சேர்த்துக் கட்டணம் போடுகிறார்கள். பயணிகள் எதிர்பார்த்த அளவு வராமல் வருமானம் குறைந்தால், அந்தக் குறைவு அடுத்த ஐந்தாண்டுக் கணக்கில் கட்டணமாகத் திரும்பி வரும். தொழிலில் இழப்பைத் தாங்குவதற்குத்தானே லாபம் என்பார்கள். இங்கே இழப்பின் பெரும்பகுதி டிக்கெட்டிலேயே ஏறிவிடுகிறது. இந்த முறை தனியாருக்காக மட்டும் வந்தது அல்ல, அரசு நடத்தும் பெரிய நிலையங்களுக்கும் இதே கணக்குதான்.

அரசிடமே இருந்தால் எல்லாம் சரி என்பதற்கும் மாவட்டத்தில் சாட்சி இல்லை. 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் கீரிப்பாறை, கோதையாறு, சிற்றாறு, மணலோடை என்று மலையடிவாரம் முழுக்க விரிந்து கிடக்கின்றன. 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர் 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே போனது. விலை விழுந்தால் கூலிப் பேச்சு இழுபடும், தொழிலாளர்கள் போராட்டத்துக்கு உட்காருவார்கள். தோட்டங்கள் காட்டு நிலம் என்பதால் விற்பது எளிதல்ல. அந்தத் தடை மட்டும் இல்லாமல் போயிருந்தால் விற்பனைப் பேச்சு எப்போதோ வந்திருக்கும் என்பது என் ஊகம். மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கும் ஐ.ஆர்.இ.எல். முழுக்க ஒன்றிய அரசு நிறுவனம். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 எக்டேரில் அது மணல் எடுக்கக் கேட்டபோது கடற்கரை கிராமங்கள் எதிர்த்து எழுந்தன. அரசு நிறுவனம் என்பதால் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

இனி வங்கிகளின் பங்கு விற்பனைச் செய்திகளை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இரண்டு பொதுத்துறை வங்கிகளையும் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தையும் தனியார்மயமாக்குவதாக நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மாவட்டத்தின் வங்கிக் கடன் திட்டங்களை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியான இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் (ஐ.ஓ.பி.) பெயரும் அப்போது செய்திகளில் அடிபட்டது. 1969-ல் நாட்டுடைமையான வங்கிகளில் அரசு குறைந்தது 51 விழுக்காடு வைத்திருக்க வேண்டும் என்பது 1970-ம் ஆண்டுச் சட்டம். காப்பீட்டுத் துறையில் இதேபோன்ற நிபந்தனையை 2021-லேயே திருத்தி எடுத்துவிட்டார்கள். வங்கிச் சட்டத்தில் அந்த மசோதா இன்னும் நிறைவேறவில்லை. ஐ.டி.பி.ஐ. வங்கியை மட்டும் விற்பனைக்கு வைக்க முடிந்ததற்குக் காரணம், 2004 முதல் அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால் இந்த 51 அதைக் கட்டுப்படுத்தாது. அதன் 60.72 விழுக்காட்டை அரசும் எல்.ஐ.சி.யும் சேர்ந்து விற்பதற்கு 2022 அக்டோபரில் விருப்பம் கேட்டார்கள்.

ஐ.ஓ.பி.யில் அரசின் பங்கு 90 விழுக்காட்டுக்கு மேல். பட்டியலிட்ட நிறுவனங்களில் 25 விழுக்காடாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிக்காக அது 75-ஐ நோக்கி இறங்கியாக வேண்டும். ஆகவே "ஐ.ஓ.பி. பங்கு விற்பனை" என்ற தலைப்பு இனி அடிக்கடி வரும். 75 வரை இறங்கினாலும், அதற்குக் கீழே 51 வரை இறங்கினாலும், அரசே உரிமையாளர். அடகு நகைக்கும் பென்ஷன் கணக்குக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. நாடாளுமன்றத்தில் வங்கி நிறுவனங்கள் சட்டத்தின் அந்த 51-ஐத் தொடும் மசோதா வந்தால் மட்டும் கணக்கு வேறு. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: கிராமக் கிளைகளை எத்தனை ஆண்டு மூடக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறதா, கைவசமுள்ள கல்விக் கடனையும் பயிர்க் கடனையும் புதிய உரிமையாளர் மூட்டை கட்டி விற்கத் தடை இருக்கிறதா.